சவரி ஸ்டேஜ்

கம்பத்திலிருந்து வரும் முதல் பஸ் எங்கள் புக்கிங் ஆபீஸ் வாசலில் நிற்கும்போது டிரைவர் இஞ்சினை அணைக்கமாட்டார். போன செவ்வாய்க்கிழமை அணைத்தார். இறங்கி வந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, "செக்கரய்யா போயிட்டாகய்யா" என்றார். "விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னு எந்திரிச்சு உக்காந்தாகளாம். அவ்வளவுதானாம்."

உட்கார்ந்திருந்த நான் எழுந்து நின்றேன். எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தேன். பஸ்ஸில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கி ஆபீஸ் முன்னால் கூடிவிட்டார்கள். ஒரு பெண் வாய்விட்டு அழுதாள். அவள் யாரென்று எனக்குத் தெரியாது. செக்கர் சவரிமுத்துவுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்திலும் எனக்கு முதலில் தோன்றியது, நான் செத்தால் இந்தப் பஸ் இப்படி நிற்குமா என்பதுதான்.

தேனிக்கும் கம்பத்துக்கும் இடையில் பஸ் ஏறிய எல்லோருக்கும் செக்கர் சவரிமுத்துவைத் தெரியும். அவருடைய கூட்டாளி என்ற வகையில் பெருங்கரைப்பட்டி ஏஜெண்ட் சுப்பையாவாகிய என்னையும் கொஞ்சம் தெரிந்திருக்கும். நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியில், ஒரே சம்பளத்தில், தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர்கள். அவர் மேல் எனக்குப் பொறாமை. செத்தவரைப் பற்றி எழுதும்போது இதை மறைப்பதுதான் மரியாதை என்பார்கள். ஆனால் அவருக்கே தெரிந்த விஷயத்தை உங்களிடம் மறைத்து என்ன செய்யப்போகிறேன்?

பொறாமைப்படாமல் என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். பஸ் நேரத்துக்கு நான் ஒருநாளும் தவறியதில்லை. அவர் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை. நான் வந்தால் ஜனங்கள் கால்களை இழுத்துக்கொண்டு வழி விடுவார்கள். அவர் ஏறினால் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். டிக்கெட் இல்லாமல் வந்து அவரிடம் பிடிபட்டவன்கூட, "செக்கரய்யா கையில மாட்டிக்கிட்டேன்" என்று ஊரெல்லாம் சிரித்துச் சொல்லுவான். கம்பீரமான ஆள், சுருட்டை முடி, கூடலூர்ப் பக்கம் பேசிப் பழகிய கொஞ்சம் மலையாளம். அதை எடுத்துவிட்டால் ஏலக்காய் வியாபாரிகள் மயங்கிவிடுவார்கள்.

என் வீட்டிலும் அதே கதைதான். ஒருநாள் மத்தியானம் அவரைச் சாப்பிட அழைத்துப் போனேன். என் மனைவி அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். இலையில் அவருக்கு முதலில் ஊற்றினாள், இரண்டாவதும் அவருக்கே ஊற்றினாள். நான் சட்டியைப் பார்த்தேன். "அவுக ரோட்டுல அலையிறவுக. நீங்க நிழல்ல உக்காந்திருக்கவுகதான?" என்றாள். சவரிமுத்து தலை நிமிராமல், "ஆத்தா, பங்காளிக்கும் ரெண்டு மீனு போடுங்க. மனசுல எழுதி வச்சுக்கிருவாரு" என்றார். அவர் என்னைப் பங்காளி என்றுதான் கூப்பிடுவார். எழுதி வைத்துக்கொண்டேன், உண்மைதான். இதோ இப்போது எழுதியும் விட்டேன்.

எங்கள் ஊரின் தெற்கே, உத்தமபாளையம் போகிற ரோட்டில், முன்பு ஒரு டோல்கேட் இருந்தது. வண்டிகள் எல்லாம் அங்கே நின்று சுங்கம் கட்டிவிட்டுத்தான் போகவேண்டும். பஸ் எப்படியும் நின்றே ஆகவேண்டிய இடம் என்பதால், கம்பெனி தொடங்கியபோது ஊருக்கான ஸ்டேஜை அங்கேயே வைத்தார்கள். பஞ்சாயத்து போர்டு நட்ட எல்லைக் கல்லும் அதே இடத்தில்தான் இருந்தது. தேனியிலிருந்து பெருங்கரைப்பட்டிக்கு டிக்கெட் எடுத்தவர் அந்தக் கல்வரைக்கும் வரலாம். கல்லைத் தாண்டி ஒரு தப்படி வைத்தாலும் அடுத்த ஸ்டேஜுக்கான சார்ஜ். பிற்பாடு டோல்கேட்டை எடுத்துவிட்டார்கள். கல் நின்றது, ஸ்டேஜும் நின்றது.

ஆறு பெருகி ஊரின் பள்ளத்துத் தெரு முழுகிப்போன வருஷம், அந்தத் தெருக்காரர்கள் வீட்டைக் கல்லுக்கு அந்தப் பக்கம் மேட்டில் கட்டிக்கொண்டார்கள். மேட்டுத் தெரு என்று பெயர் வந்தது. அதே ஜனங்கள், அதே கோயில், அதே சுடுகாடு. ஆனால் பஸ்ஸுக்கு அவர்கள் வெளியூர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள். கூடுதல் சார்ஜ் கொடுக்க மனமில்லாமல் எல்லோரும் கல்லிலேயே இறங்கி, மூட்டை முடிச்சோடு மேட்டில் ஏறினார்கள். அவர்கள் ஏறி முடிப்பதற்குள், அவர்களை இறக்கிவிட்ட பஸ் காலியான சீட்டுகளோடு அவர்கள் வீட்டு வாசலைக் கடந்து போய்விடும்.

அவர்களில் கருப்பாயி என்று ஒரு அம்மாள். கத்திரிக்காயும் அவரைக்காயும் தேனிச் சந்தைக்குக் கொண்டுபோவாள். ஒரு முழங்கால் வீங்கியே இருக்கும். போகும்போது கூடை நிறைந்திருக்கும், மேட்டிலிருந்து இறங்கிக் கல்லுக்கு வரவேண்டும். வரும்போது அரிசியும் கருவாடும் உப்பும், மறுபடி மேட்டில் ஏறவேண்டும். ஒருநாள் கூடையை ஆபீஸ் வாசலில் தொப்பென்று வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏஜெண்டய்யா, அந்தக் கல்லு நகராதா? நாந்தேன் நகரணுமா?"

எனக்கும் மனசாட்சி இருக்கிறது. அந்த அம்மாளின் முழங்கால் எனக்கும் வலித்தது. ஆனால் ஸ்டேஜ் என்றால் ஊர் எல்லை, ஊர் எல்லை என்றால் போர்டு வைத்த கல். ஸ்டேஜ் நகர வேண்டுமானால் முதலில் எல்லை நகர வேண்டும். அதுதான் முறை. முறைப்படி நான் மனு எழுதினேன். மேட்டுத் தெருவைப் பஞ்சாயத்து எல்லைக்குள் சேர்க்கவேண்டும் என்று நல்ல தமிழில், காரணங்களோடு எழுதினேன். போர்டுக்குப் போனேன். தாலுகாவுக்குப் போகச் சொன்னார்கள். உத்தமபாளையம் போனேன். மதுரைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். நான் மறுபடி எழுதினேன். என் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

சவரிமுத்துவுக்கு இதெல்லாம் வேடிக்கை. "பங்காளி, ஊரு எங்கன முடியுதுன்னு போர்டுக்கு எப்பிடித் தெரியும்? பொம்பள தலையில இருந்து சும்மாட்ட எங்கன எடுக்குறாளோ, அங்கனதேன் ஊரு" என்பார். சும்மாட்டை வைத்து ஸ்டேஜ் போட்டால் கம்பெனி ஒரு வாரம் ஓடாது என்று நான் சொல்வேன். "ஓடாதுதேன்" என்று ஒப்புக்கொண்டு சிரிப்பார். வாதத்தில் தோற்றுவிட்டு அவ்வளவு சந்தோஷமாக இருக்க எனக்குத் தெரியாது.

முதலாளியிடமும் போய்ப் பேசினோம். அவர் எங்கள் ஊர்க்காரர், கெட்டவர் இல்லை, ஆனால் பிடித்தால் பிடித்ததுதான். "கல்லுக்கு அங்கிட்டு வெளியூரு. இன்னைக்கு மேட்டுத் தெருவுக்கு விட்டா, நாளைக்கு அடுத்த ஊர்க்காரன் வந்து நாங்களும் பெருங்கரைப்பட்டிதான்னு நிப்பான்" என்றார். அவர் சொன்னது நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் படுகிறது. "போர்டு ஆர்டர் வரட்டும், மாத்திருவோம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அந்த ஆர்டர் என் கையில் வரப்போகிறது, நான்தான் ஸ்டேஜை நகர்த்தப்போகிறேன் என்று அன்று நிமிர்ந்து நடந்தேன்.

அந்த வருஷம் காளியம்மன் திருவிழா வந்தது. எங்கள் பக்கத்தில் காப்புக் கட்டுவதைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. பூசாரி ஊரைச் சுற்றி நாலு எல்லையிலும் எலுமிச்சம்பழமும் மஞ்சள் சோறும் வைத்துவிட்டு வருவார். அதற்குப் பிறகு, காப்புக் கட்டிய ஊர்க்காரர் யாரும் சாமி எல்லையைத் தாண்டிப் போய் இராத் தங்கக்கூடாது. முதலாளிதான் அந்த வருஷம் முதல் காப்பு. என் கையிலும் மஞ்சள் கயிறு இருந்தது. சவரிமுத்து வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர், அவருடைய ஊர் சவேரியார்புரம், இன்னும் தெற்கே. அவருக்கு எங்கள் திருவிழாவில் வேலையில்லை. ஆனால் ஒரு கூட்டத்தையும் அவர் விட்டதில்லை.

காப்பு அவிழ்க்கிற அன்று ஊரே கோயில் முன்னால் கூடியிருந்தது. முதலாளிக்குப் பரிவட்டம் கட்டி நடுவில் நிறுத்தியிருந்தார்கள். வழக்கப்படி பூசாரி உரக்கக் கேட்டார்: "காப்புக் கட்டுனவுக யாரும் எல்லை தாண்டித் தங்குனது உண்டா? இருந்தா இப்பவே சாமிகிட்டச் சொல்லிருங்க." வழக்கப்படி எல்லோரும் பேசாமல் நின்றோம்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எந்தக் கூட்டத்திலும் அந்தக் குரலை எனக்குத் தெரியும். "ஏன் முதலாளி, அச்சு முறிஞ்ச வண்டியப் பாக்கணும்னு ராத்திரி ஷெட்டுலதான படுத்திருந்தீக?"

எல்லோரும் முதலாளியைத் திரும்பிப் பார்த்தார்கள். கம்பெனி ஷெட் கல்லுக்கு அந்தப் பக்கம், மேட்டுத் தெருவை ஒட்டி இருந்தது. முதலாளியின் முகம் சிவந்தது. முதல் காப்புக்காரர் மேல் இப்படி ஒரு பேச்சு வரலாமா? "ஆமா படுத்தேன்! அதுக்கென்ன? ஷெட்டு ஊருக்குள்ளதான இருக்கு! பூசாரி பழம் வச்சது எங்கன? மேட்டுத் தெருவுக்குத் தெக்க இருக்க புளியமரத்துல! சொல்லுங்க பூசாரி!" என்று சத்தம் போட்டார்.

"ஆமா, புளியமரந்தேன் சாமி எல்லை" என்றார் பூசாரி. "பள்ளத்துத் தெரு சனம் எங்க போச்சோ, ஆத்தாவும் அதுவரைக்கும் போகணும்ல?"

சவரிமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முகத்தில் அப்படி ஒரு பணிவு. "மன்னிச்சுக்கங்க முதலாளி. எங்க ஊர்லயும் சவேரியார் சப்பரம் எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்குந்தேன் ஊரு. இங்கனயும் அப்பிடித்தானான்னு தெரிஞ்சுக்கலாம்னு கேட்டேன்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்ப ஷெட்டு ஊருக்குள்ள. மேட்டுத் தெருவும் ஊருக்குள்ள. கருப்பாயி ஆத்தாவ மட்டும் எதுக்கு முதலாளி கல்லுலயே இறக்கி விடுறோம்?"

யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. பெண்கள் பக்கமிருந்து ஒரு குலவைச் சத்தம் எழுந்தது. முதலாளி பரிவட்டத்தைச் சரிசெய்துகொண்டார். ஊருக்கு வெளியே என்றால் காப்பு முறிந்தது. ஊருக்குள் என்றால் ஸ்டேஜ் நகர்ந்தது. கடைசியில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "ஏலே சவரி!" என்று கையை ஓங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "சுப்பையா, நாளையில இருந்து புளியமரம்தேன் ஸ்டேஜுன்னு ஆபீஸ் பலகையில எழுதிப் போட்ருங்க" என்றார்.

நான் மஞ்சள் கயிறு கட்டிய கையோடு நின்றேன். இந்த ஊரில் பிறந்தவன் நான். பூசாரி புளியமரத்துக்குப் பழம் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஷெட்டில் படுத்த முதலாளிக்குப் பாயும் தலையணையும் அனுப்பி வைத்தவனும் நானே. ஆனால் எனக்குத் தோன்றவில்லை. வேறு சாமியைக் கும்பிடுகிற வேற்றூர்க்காரருக்குத் தோன்றியது. அன்று இரவு சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், எனக்குத் தெரியும். வயிறு எரிந்தது, என்ன செய்ய?

மறுநாள் நான் ஆபீஸில் கட்டணப் பலகையை அழித்து எழுதிக்கொண்டிருந்தேன். பெயிண்டும் தூரிகையும் என் கையில். அவரோ பஸ்ஸில் இருந்தார். பஸ் முதன்முதலாகக் கல்லைத் தாண்டி, ஊர் டிக்கெட்டிலேயே மேட்டில் ஏறிப் புளியமரத்தடியில் நின்றதாம். சவரிமுத்து முதலில் குதித்து, கருப்பாயியின் கூடையைத் தாமே தூக்கி இறக்கினாராம். அவள் சும்மாட்டை உதறிக்கொண்டு, "இது சவரி ஸ்டேஜுய்யா!" என்று தெருவே கேட்கக் கத்தினாளாம். அவ்வளவுதான். நான் பலகையில் 'புளியமரம்' என்று அழகாக எழுதி முடித்தபோது, அந்த இடத்துக்கு வேறு பெயர் வைத்தாகிவிட்டது.

இதோடு விட்டதா என்றால் இல்லை. யுத்தம் தொடங்கிய பிறகு ஒருநாள் என் மனுவுக்கு ஆர்டர் வந்தது. எல்லையைப் புளியமரம்வரை நீட்டிவிட்டார்கள். என் மனுவில் நான் எழுதிய காரணங்களை ஒவ்வொன்றாகத் தேடினேன். ஒன்றும் இல்லை. மேற்படி மேட்டுத் தெருவைப் பஸ் கட்டண விஷயத்தில் ஏற்கெனவே ஊரின் பகுதியாகவே நடத்தி வருவதால், என்று ஒரே வரி. எல்லை நகர்ந்தால் ஸ்டேஜ் நகரும் என்று நான் நம்பினேன். ஸ்டேஜ் நகர்ந்ததால் எல்லை நகர்ந்திருக்கிறது. ஆர்டரை அவரிடம் காட்டினேன். என் முதுகில் தட்டி, "ஜெயிச்சிட்டீகளே பங்காளி!" என்று உள்ளபடியே மகிழ்ந்தார். அந்த மகிழ்ச்சியைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குள் நான் மேட்டுத் தெருவில் வீடு கட்டிக் குடி போயிருந்தேன். மனை மலிவு, காற்றும் நன்றாக வரும். வேறு காரணம் தேடாதீர்கள். வீட்டுக்குப் போகப் பஸ் ஏறினால் கண்டக்டரிடம் "புளியமரம்" என்றுதான் சொல்வேன். உலகமே சவரி ஸ்டேஜ் என்று சொன்னாலும் பலகையில் இருப்பது புளியமரம், எழுதியவன் நான். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரி பஸ் ஓட்டினோமே, அப்போது ரோட்டோரத்து மரங்களைக் கரிக்காக ஏலம் விட்டார்கள். அந்தப் புளியமரமும் போயிற்று. வெட்டுகிற அன்று சவரிமுத்து வந்து பக்கத்தில் நின்றார். "பங்காளி, ஒங்க மரத்தத்தேன் இனிமே ஓட்டப் போறோம்" என்றார். அப்போதும் நான் புளியமரம் என்றே சொல்லி டிக்கெட் எடுத்தேன். கண்டக்டர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கிழித்துக் கொடுப்பார்கள். சவரிமுத்து பஸ்ஸில் இருந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். ஒரு தடவைகூட என்னைத் திருத்தியதில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சவேரியார்புரத்துக் கல்லறைத் தோட்டத்தில் நிற்க இடமில்லை. கருப்பாயியை அவள் மகன் கைத்தாங்கலாகக் கூட்டி வந்திருந்தான். முதலாளி செருப்பைக் கழற்றிவிட்டு மண் போட்டார். எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது சவரிமுத்துவின் மனைவி ஞானம்மாள் என்னைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணே, அவுக ஒங்களப் பத்தி அடிக்கடி சொல்லுவாக. 'நான் ஒரு நாளு வாயாடுனதுக்கு என் பேரச் சொல்லுறாக. பங்காளி மனுவோட வருசக்கணக்கா நடந்தாரு, அவர ஒருத்தரும் சொல்லலையே'ன்னு வருத்தப்படுவாக."

நான் தலையை ஆட்டினேன். பாருங்கள், இதிலும் அவரே முந்திக்கொண்டார். என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லி வைத்துவிட்டுப் போய்விட்டார். அவர் காதில் விழும்படி நான் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. இனிமேல் சொன்னாலும் அவருக்குக் கேட்காது.

திரும்பும்போது பஸ்ஸில் துக்கத்துக்கு வந்த கூட்டம்தான். கண்டக்டர் கம்பத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், என்னை அவருக்குத் தெரியாது. "எங்கனங்கய்யா?" என்று கேட்டார்.

"புளியமரம்."

அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்துவிட்டு யோசித்தார். "அப்பிடி ஒரு ஸ்டேஜு இந்த ரோட்டுல இல்லீங்களேய்யா. எந்தப் புளியமரம்?"

முன் சீட்டில் கருப்பாயி திரும்பிப் பார்த்தாள். யாரும் எனக்காகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் ஒரு வார்த்தை சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்து என்னைக் காப்பாற்றுகிறவர் அன்று பஸ்ஸில் இல்லை.

"சவரி ஸ்டேஜ்" என்றேன்.

"அப்பிடிச் சொல்லுங்க" என்று கிழித்துக் கொடுத்துவிட்டுக் கண்டக்டர் அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அவரை அறிந்தவர்களே, ஆளுக்கு ஒன்றாக அவரை நீங்கள் வைத்துக்கொள்வீர்கள். அவருடைய சிரிப்பை, குரலை, அவர் இறக்கிக் கொடுத்த கூடையை. எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய பெயர். இனி இந்த ரோட்டில் அதைச் சொல்லாமல் நான் வீடு போய்ச் சேர முடியாது. நேற்றும் சொன்னேன், இன்றும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் வயிறு எரியத்தான் செய்கிறது. அது எரிகிறவரை அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.